சில்லறையில் வந்த கோணல் காசு

கேள்வி: மார்த்தாண்டத்தில் டீக்கடை வைத்திருக்கிறேன். கல்லாச் சில்லறையை எண்ணும்போது ஒரு அஞ்சு ரூபாய் நாணயம் வித்தியாசமாகத் தெரிந்தது. சிங்கம் ஓரத்துக்கு நகர்ந்திருக்கிறது, எதிர்ப்பக்க ஓரம் பிறை மாதிரி வெறுமையாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்த ஒருவர் ரெண்டு லட்சம் தருகிறேன், முதலில் 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். பொருளை வாங்க வருகிறவர் உங்களிடமே பணம் கேட்டால் அது வியாபாரமா? ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே கமிஷன், வரி என்று கறக்கிறார்கள். அப்படி வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவில்லை என்று வங்கி 2021 ஆகஸ்டிலேயே அறிவித்துவிட்டது.

சரி, இது நாணயச்சாலையிலேயே தவறாக அச்சான பிழைக் காசா என்று காசைத் திருப்பிப் பாருங்கள். நாணயச்சாலையில் பூவும் தலையும் ஒரே அடியில் விழுகின்றன. அடி விழும்போது காசுத் தகடு விலகியிருந்தால் இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டிருக்கும். மறுபக்கம் முழுசாக இருந்தால் ஒரு அச்சு மட்டும் லேசாக விலகியிருக்கலாம். அதற்கு மதிப்பு குறைவு. ஓரத்தில் அரம் தேய்த்த கீறல் இருந்தால் அது யாரோ வீட்டில் செய்த வேலை.

போலிப் பிழைக் காசு செய்யச் சிலர் இரண்டு காசைப் பட்டறை இடுக்கியில் (வைஸ்) வைத்து நெரிப்பார்கள். ஒன்றின் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலம் மாறி மற்றொன்றில் பதியும். அசல் பிழையிலும் இதே உருவம் பள்ளமாக வரும், ஆனால் அந்தப் பக்கம் வேறு எதுவும் இருக்காது. போலியில் பழைய வடிவம் நசுங்கியபடி அடியில் தெரியும்.

இன்னொரு சோதனை: காசின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் இரு விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். நம் நாட்டு நாணயத்தில் மறுபக்கமும் நேராகவே நிற்கும். நன்றாகச் சாய்ந்திருந்தால் அச்சு திரும்பிய பிழை.

உங்களுடையது அசல் என்று தோன்றினால், புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். பளபளப்பு வரும், விலை போகும். நாணயம் சேகரிப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் காட்டி விலை கேளுங்கள்.

கேள்வி: குளச்சல். பாட்டியின் செல்லப்பெட்டியில் குட்டி வெள்ளிச் சக்கரங்கள் (பழைய திருவிதாங்கூர் காசுகள்) இருக்கின்றன. எல்லாமே கோணலாக இருக்கின்றன. பிழைக் காசா?

பதில்: இல்லை. திருவிதாங்கூரின் அந்தப் பழைய வெள்ளிச் சக்கரங்கள் கையால் அடித்தவை, கோணல்தான் அவற்றின் இயல்பு. நேராக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.