16 மணி நேரத்துக்கு அப்பால்: கல்லூரி ஆசிரியர் பணிச்சுமை, கேள்வி பதில்

அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் துறைத் தலைவராகவும் கால அட்டவணைக் குழுவிலும் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒர்க்லோடு பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் சாப்பாட்டு நேரத்தில் அதிகம் பேசப்படுவதும், துறைக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்காததும் இந்த விஷயம்தான். கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு, ஊரையும் பணியையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

உதவிப் பேராசிரியர், வேலூர்: விதிப்படி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மேடம்? ஒருவர் 16 என்கிறார், இன்னொருவர் 40 என்கிறார்.

இரண்டும் சரி. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளின்படி முழுநேர ஆசிரியரின் வேலை வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 30 வாரம், அதாவது 180 கற்பித்தல் நாட்கள். இதில் நேரடியாக வகுப்பில் நிற்பது உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. தினமும் குறைந்தது 5 மணி நேரம் வளாகத்தில் இருக்க வேண்டும்.

40இல் 16 போனால் 24. அந்த 24 மணி நேரம் எந்த டைம் டேபிளிலும் இல்லை. பாடம் தயாரிப்பது, திருத்துவது, மென்டரிங் எனும் மாணவர் வழிகாட்டல், கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்புகள், என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டம், ஆய்வு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கல்லூரிகளில் நடக்கும் அநியாயம் பெரும்பாலும் இந்த 24க்குள்தான் நடக்கிறது. 16 எல்லோருக்கும் சமமாகவே இருக்கும். கேட்டால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

வணிகவியல், கோவை: எங்கள் துறையில் எல்லோருக்கும் 16 மணிதான். ஆனால் இரவு 11 வரை விடைத்தாள் திருத்துவது நான் மட்டும்தான். எதிரே இருப்பவர் பி.ஜி. வகுப்பு மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

உங்கள் கஷ்டம் உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் ஒரே பேப்பரை, அதாவது ஒரே பாடத்தை, நான்கு செக்ஷனுக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். செக்ஷனுக்கு 60 பேர் என்றால் 240 விடைத்தாள். தாளுக்கு 10 நிமிடம் என்றால் ஒரு இன்டர்னல் தேர்வுக்கு 40 மணி நேரம், இரண்டு இன்டர்னலுக்கு 80. அவர் நான்கு பி.ஜி. பேப்பர் எடுக்கிறார், வகுப்புக்கு 15 பேர். அவருக்கு இரண்டு இன்டர்னலுக்கும் சேர்த்து 20 மணி நேரம் போதும்.

இப்போது தயாரிப்பைப் பாருங்கள். சிலபஸ் புதிதென்றால் ஒரு மணி நேர வகுப்புக்கு 2 மணி நேரமாவது உட்கார வேண்டும். உங்களுக்கு வாரத்தில் 4 மணி நேரப் பாடம்தான் புதிது, மற்றவை அதையே திரும்ப எடுப்பது. வாரம் 8 மணி, 15 வாரத்துக்கு 120. அவருக்கு 16 மணி நேரமும் வேறு வேறு பாடம். வாரம் 32 மணி, செமஸ்டருக்கு 480. திருத்துவதையும் சேர்த்தால் நீங்கள் 200 மணி நேரம், அவர் 500 மணி நேரம். நிம்மதியாக இருக்கிறார் என்று நீங்கள் நினைப்பவர் விடியற்காலையில் எழுந்து படித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வருடம் அதே பேப்பர்கள் வந்தால் நிலைமை மாறும். தயாரிப்பு ஒரு மணி நேர வகுப்புக்கு அரை மணி என்று குறைந்தால் உங்களுக்கு 110, அவருக்கு 140. ஆக சுமையை ஏற்றுவதில் முதலிடம் புதுப் பேப்பருக்கு, அடுத்த இடம் மாணவர் எண்ணிக்கைக்கு. வகுப்பு மணி நேரத்தை மட்டும் பார்த்தால் இரண்டுமே கண்ணில் படாது. எங்கள் துறையில் ஒருவருக்கு ஒரு செமஸ்டரில் ஒரு புதுப் பேப்பருக்கு மேல் கிடையாது என்று வைத்திருந்தோம். அதிகத் தாள் திருத்துகிறவருக்கு அந்தச் செமஸ்டரில் கமிட்டி வேலை தரமாட்டோம்.

புதிதாகத் துறைத் தலைவர் ஆனவர், தஞ்சாவூர்: ஜூனில் ஒர்க்லோடு பிரிக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே ஒரு தாளில் ஆரம்பியுங்கள். துறையில் உள்ள எல்லோர் பெயரும், உங்கள் பெயர் உட்பட, இடது பக்கம். மேலே கட்டங்கள்: வகுப்பு மணி, எத்தனை வேறு வேறு பேப்பர், அதில் புதியது எத்தனை, மொத்த மாணவர்கள், செய்முறை மணி, பிஎச்.டி. மாணவர்கள், மென்டரிங் மாணவர்கள், கமிட்டிகள். நிரப்பி ஸ்டாஃப் ரூமில் ஒட்டுங்கள். அப்புறம் கூட்டம் போடுங்கள்.

ஒட்டுவதுதான் முக்கியம். கோப்புக்குள் இருக்கும் வரை ஒவ்வொருவரும் தான்தான் அதிகம் செய்வதாக நம்புவார். தாள் சுவரில் இருந்தால் யார் எத்தனை கமிட்டியில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட பணிச்சுமை அறிக்கையும், பல துறைகளில் முயன்று பார்த்ததை வைத்து, எல்லோரும் பார்க்கும்படியான இப்படிப்பட்ட பட்டியலையே முதலில் வலியுறுத்துகிறது.

கமிட்டிகளை ஒரே எடையில் போடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை கூடும் நூலகக் குழுவும், கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யின் ஒருங்கிணைப்பாளர் வேலையும் ஒன்றாகுமா? என்.எஸ்.எஸ். அலுவலராக இருப்பவர் 7 நாள் முகாமுக்கு மாணவர்களோடு கிராமத்தில் தங்க வேண்டும், அதற்கு வெளியே வருடம் 120 மணி நேரச் சேவையையும் ஒழுங்குபடுத்த வேண்டும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்றாகப் பிரித்து, பெரியது ஒன்று இருப்பவருக்கு வேறெதுவும் வேண்டாம் என்று எழுதிவையுங்கள்.

வேதியியல், திருச்சி: செய்முறை வகுப்பைப் பாதி நேரமாகத்தான் கணக்கிடுவோம் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. இரண்டு மணி நேரச் செய்முறைக்கு ஒரு கிரெடிட் என்பது மாணவருக்கான கணக்கு. ஆய்வகத்தில் அமிலத்தோடு 30 பிள்ளைகள் நிற்கும்போது ஆசிரியரின் ஒரு மணி நேரம் ஒரு மணி நேரம்தான்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2016 மே மாதம் யு.ஜி.சி. ஒரு திருத்தம் கொண்டுவந்தது. உதவிப் பேராசிரியருக்கு 18 மணி நேர வகுப்பு, அதன் மேல் 6 மணி நேர டுடோரியல், மொத்தம் 24. செய்முறை இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகக் கணக்கிடப்படும் என்றார்கள். டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் விடைத்தாள் திருத்துவதையே புறக்கணித்துப் போராடியது. அந்த மாதமே அரசு பின்வாங்கியது.

ஏன் அவ்வளவு கோபம்? ஒரு துறையின் மொத்த வகுப்பு நேரத்தை ஒருவருக்கான மணி நேரத்தால் வகுத்துத்தான் பணியிடங்கள் வருகின்றன. துறைக்கு 160 மணி நேரம் இருந்தால், ஆளுக்கு 16 என்றால் 10 பேர் வேண்டும். ஆளுக்கு 24 என்றால் 7 பேர் போதும். மீதி 3 பேர் தற்காலிகத்தில் இருக்கும் இளைஞர்கள். ஒர்க்லோடு கணக்கில் ஒரு எண்ணை மாற்றினால் ஒருவருடைய வேலையே போகும். உங்கள் ஆய்வக நேரத்தைப் பாதியாக்கினாலும் நடப்பது அதுதான்.

ஆங்கிலத் துறை, சென்னை: விழா வரவேற்பு, கோலம், மினிட்ஸ் எழுதுவது எல்லாம் பெண் ஆசிரியர்களுக்கே வருகிறது. மறுத்தால் "ஒத்துழைப்பு இல்லை" என்கிறார்கள்.

வரும். நானும் அதில் வளர்ந்தவள்தான். 2017இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவியூவில் வந்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். மூன்று பேர் குழு. யாராவது ஒருவர் பொத்தானை அழுத்தினால் எல்லோருக்கும் லாபம், ஆனால் அழுத்தியவருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்திருந்த குழுக்களில் பெண்களே அதிகம் அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும், பெண்கள் மட்டும் இருந்த குழுக்களில் வித்தியாசம் இல்லை. அதாவது பெண்களின் குணம் இப்படி என்பதல்ல. பெண்கள் செய்துவிடுவார்கள் என்று எல்லோரும், பெண்களும்கூட, எதிர்பார்க்கிறார்கள்.

அதனால் "யார் செய்கிறீர்கள்?" என்று கூட்டத்தில் கேட்பதையே நிறுத்த வேண்டும். அகர வரிசையில் சுழற்சிப் பட்டியல் போடுங்கள். இந்த மாதம் மினிட்ஸ் இவர், அடுத்த மாதம் அவர். கொள்முதல் குழுவும் தேர்வுப் பணியும் அதே பட்டியலில் வரட்டும். ஒத்துழைப்பு என்ற சொல்லுக்கே அங்கே வேலை இருக்காது.

இயற்பியல், திருநெல்வேலி: எனக்குக் காலை முதல் மணி, மாலை கடைசி மணி, நடுவில் இரண்டு மணி நேரம் காலி. சீனியர்களுக்கு மதியத்தோடு முடிகிறது. எண்ணிக்கை ஒன்றுதானே என்கிறார்கள்.

எண்ணிக்கை ஒன்று, நாள் ஒன்றல்ல. கடைசி மணி நேரம் கால அட்டவணையில் இரண்டு நாளுக்கு (டே ஆர்டருக்கு) மேல் யாருக்கும் வரக் கூடாது, அடுத்த செமஸ்டரில் அது இடம் மாற வேண்டும் என்று கேளுங்கள். வயதுக்கு மரியாதை தர வேறு வழிகள் உண்டு.

கணிதம், சேலம்: ஆய்வு செய்கிறவர்களுக்கு வகுப்பைக் குறைக்கலாமா?

குறைக்கலாம், கணக்கு கேட்டுக் குறைக்கலாம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பிஎச்.டி. மாணவர்கள் வரை வழிநடத்தலாம், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4. எட்டுப் பேரை உண்மையாகவே வழிநடத்துகிறவருக்கும் ஒருவரும் இல்லாதவருக்கும் ஒரே சுமை என்பது சரியல்ல. ஆஸ்திரேலியாவில் கற்பித்தல் 40, ஆய்வு 40, பிற பணி 20 சதவீதம் என்பது வழக்கமான பிரிவினை. ஜெர்மனியில் மாநிலத்தைப் பொறுத்து பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு வாரம் 8 அல்லது 9 மணி நேர வகுப்பு, தொழில்சார்ந்த கல்வி தரும் பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகத்தில் பொதுவாக 18. அங்கே எது ஆய்வு நிறுவனம், எது கற்பிக்கும் நிறுவனம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊரில் சிக்கல், அதிகம் கற்பிக்கிறவருக்குப் பதவி உயர்வில் பலன் இல்லை என்பது. 2018 விதிகளில் பதவி உயர்வுக்கான சி.ஏ.எஸ். மதிப்பீடு, ஒதுக்கிய வகுப்பில் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்று பார்க்கிறது. 80க்கு மேல் என்றால் "நன்று". 12 மணி நேரம் ஒதுக்கப்பட்டு 12ஐயும் எடுத்தவரும், 22 ஒதுக்கப்பட்டு 22ஐயும் எடுத்தவரும் அதில் ஒன்றே. கூடுதலாகச் சுமந்தவரின் 10 மணி நேரம் எங்கும் பதிவாவதில்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். ஆய்வுக்காக ஒருவருக்கு வகுப்பைக் குறைத்தால், அதை ஏற்றுக்கொண்டவரின் பெயரையும் மணி நேரத்தையும் துறை எழுத்தில் பதிய வேண்டும். மூன்று ஆண்டு கழித்து ஆய்வில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும்.

தனியார் பொறியியல் கல்லூரி, நாமக்கல்: வாரம் 22 மணி நேரம். மே மாதம் அட்மிஷன் கேன்வாஸுக்கு ஊர் ஊராக அனுப்புகிறார்கள், டார்கெட் வேறு. எங்கே போய்ச் சொல்வது?

தம்பி, இதைப் படித்தபோது மனது கனத்துவிட்டது. தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் ஆசிரியர் மாணவர் விகிதத்தை 1:15இலிருந்து 1:20ஆகத் தளர்த்தியது. 240 மாணவர் உள்ள துறைக்கு முன்பு 16 ஆசிரியர், இப்போது 12. அந்த 12உம் காகிதத்தில் மட்டும் இருந்தால்? 2024இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளிக்கொண்டுவந்தது நினைவிருக்கும். பட்டியலில் மட்டும் இருக்கிறவரின் வகுப்பை உங்களைப் போன்றவர்தான் எடுக்கிறார்.

தனியாகப் போய் மோதாதீர்கள். வேலை போய்விடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. துறையில் நாலைந்து பேர் சேர்ந்து, எடுத்த வகுப்பு, கேன்வாஸுக்குப் போன நாள் இரண்டையும் தேதியோடு குறித்து வையுங்கள். துறைத் தலைவர் வழியாக, எல்லோரும் கையெழுத்திட்டு, கேன்வாஸ் நாட்களுக்கு ஈடான விடுப்பு கேளுங்கள். முதல் படியாக அது கிடைப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

கௌரவ விரிவுரையாளர், விழுப்புரம்: மாதம் 25,000, அதுவும் 11 மாதத்துக்கு. நிரந்தர ஆசிரியர் எடுக்கும் அதே 16 மணி நேரம் நானும் எடுக்கிறேன். கமிட்டி வேலையும் தருகிறார்கள்.

கௌரவ ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000க்கு மிகாமல் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. அதில் பாதிதான் உங்கள் கையில். ஊதியம் அரசு மாற்ற வேண்டியது. ஆனால் கமிட்டி வேலையைத் துறைத் தலைவரே நிறுத்தலாம். வகுப்புக்கு மட்டும் சம்பளம் வாங்குகிறவரிடம் நாக் கோப்பைக் கொடுப்பது தவறு. நிரந்தரத்தில் இருப்பவர்கள்தான் இதை எழுந்து சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

விரிவுரையாளர், லண்டன்: இங்கே எல்லாவற்றுக்கும் எக்செல் கணக்கு உண்டு. ஆனாலும் வார இறுதியில் வேலை செய்கிறேன்.

1992க்குப் பின் பல்கலைக்கழகமான நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வாரம் 18, ஆண்டுக்கு 550 மணி நேரம் என்று வகுப்புக்கு உச்சவரம்பு உண்டு. நம் விதி "குறையக் கூடாது" என்கிறது, அது "மிகக் கூடாது" என்கிறது. அந்தப் பாதுகாப்பு பெரிது. ஆனால் ஒரு கட்டுரை திருத்த எக்செல் 20 நிமிடம் தந்து, உண்மையில் 40 ஆனால், கூட்டல் சரியாக வந்தும் உங்கள் ஞாயிற்றுக்கிழமை போகும். சில வாரம் உண்மையான நேரத்தைக் குறித்து, சக ஆசிரியர்களோடு சேர்ந்து அந்த 20 என்ற எண்ணை மாற்றச் சொல்லுங்கள்.

அரசுக் கல்லூரி, தருமபுரி: சக ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போகிறார். அவருடைய 16 மணி நேரத்தை எங்கள் நாலு பேருக்குப் பிரித்துவிட்டார்கள். துறையில் எல்லோரும் அவர் மேல் கடுப்பில் இருக்கிறார்கள்.

ஆளுக்கு 4 மணி நேரம் ஏறி, 20 ஆகிவிட்டது. கடுப்பு புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உரிமை. ஒருவர் ஒரு வருடம் இருக்கமாட்டார் என்பது கல்லூரிக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். மாற்று ஆள் கேட்டு எழுதாத நிர்வாகத்திடம் போக வேண்டிய கோபம் பச்சைக் குழந்தைக்காரியிடம் போகிறது.

உடனே கௌரவ விரிவுரையாளர் கேட்டுத் துறையிலிருந்து கடிதம் போகட்டும். வரும்வரை, ஒரு முழுப் பேப்பரை அதை ஏற்கனவே எடுத்தவரிடம் கொடுங்கள். நாலு பேரும் ஆளுக்கொரு யூனிட் எடுத்தால் மாணவர்கள் திண்டாடுவார்கள். அவர் திரும்பி வரும் செமஸ்டரில், முன்பு எடுத்த பேப்பர்களையே அவருக்குத் தாருங்கள். புதியது ஒன்றும் வேண்டாம்.