பிராசஸர் 100 டிகிரி காட்டுகிறது: புது கூலர் வாங்க வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இன்டெல் ஐ7-12700 பிராசஸர், பெட்டியோடு வந்த கூலர்தான். முகூர்த்த மாதங்களில் எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை முழு வீடியோ ஃபைலாக்குவது) மூன்று, நான்கு மணி நேரம் ஓடும். அப்போது 100 டிகிரி காட்டுகிறது. அசெம்பிள் செய்த கடையில், "லிக்விட் கூலர் போடுங்கள், இல்லாவிட்டால் பிராசஸர் போய்விடும்" என்கிறார்கள். பத்தாயிரம் ரூபாய் ஆகுமாம். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். பிராசஸர் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். உங்கள் மாடலுக்கு இன்டெல் வைத்திருக்கும் உச்ச வரம்பே 100 டிகிரிதான். அதைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். ஆக, உங்கள் நஷ்டம் நேரத்தில்தான். எவ்வளவு நேரம் போகிறது என்று தெரியாமல் பத்தாயிரத்தை எடுத்து வைப்பது நியாயமில்லை.

அதை நீங்களே அளக்கலாம். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளை இறக்கி, சென்சார் பக்கத்தை மட்டும் திறந்துகொள்ளுங்கள். எக்ஸ்போர்ட் தொடங்கிக் கால்மணி நேரம் கழித்து ரீசெட் பட்டனை அழுத்துங்கள். அதற்குப் பிறகு வரும் எண்கள்தான் நமக்கு வேண்டும். 'சிபியு பேக்கேஜ்' வரியில் மேக்ஸிமம் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், ஒரு நொடி தொட்டாலும் அது அங்கேயே நிற்கும். ஆவரேஜைப் பாருங்கள். கூடவே கோர்களின் (பிராசஸரின் உள் பிரிவுகளின்) வேகத்தையும், சூட்டால் வேகம் குறைவதைக் காட்டும் 'தெர்மல் த்ராட்லிங்' வரியில் 'யெஸ்' வருகிறதா என்றும் பாருங்கள். வெப்பத்தை மட்டும் சொல்லி கூலர் விற்பவரிடம், "வேகம் எவ்வளவு குறைகிறது?" என்று கட்டாயம் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களில் 2024-இல் பெரிதாகப் பேசப்பட்ட கோளாறைக் காட்டிச் சிலர் பயமுறுத்துவார்கள். உங்களுடையது 12-ஆம் தலைமுறை. அந்தப் பிரச்சினை இதற்கு இல்லை.

சூட்டுக்குக் காரணம் எளிது. இந்த சிப்பின் விவரக்குறிப்பில் 65 வாட் என்று இருக்கும். டர்போவில், அதாவது முழு வேகத்தில், அது 180 வாட் வரை இழுக்கும். பல மதர்போர்டுகள் அந்த 180-ஐ மணிக்கணக்கில் விட்டுவிடுகின்றன. சின்ன கூலர் அதைத் தாங்காது. பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) நீண்ட நேர பவர் லிமிட்டை 100 அல்லது 120 வாட்டாகக் குறைத்துப் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், வெப்பம் நன்றாகவே இறங்கும். காசு செலவில்லை. எடிட்டிங் மென்பொருளில் ஹார்டுவேர் என்கோடிங் (வீடியோ ஆக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் பகுதியிடம் விடுவது) இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள். பாதி பாரம் பிராசஸரை விட்டுப் போகலாம்.

அப்புறம், கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே எக்ஸ்போர்ட்டை ஓட்டுங்கள். பத்து டிகிரி இறங்கினால் குறை கூலரில் இல்லை, காற்றோட்டத்தில்தான். பின்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். டார்ச் அடித்து கூலரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பாருங்கள். கடற்கரை ஊரில் தூசி ஈரத்தோடு சேர்ந்து கெட்டியாகப் படியும், உப்புக் காற்றில் வெள்ளையாகப் பூத்தும் இருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிது வையுங்கள். அறை வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு சிப்பிலும் ஏறும். அதனால் கத்திரி வெயில் மதியத்தில் எடுத்த அளவையும் ஏசி போட்ட இரவில் எடுத்த அளவையும் ஒப்பிடாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் வேகம் போதவில்லை என்றால் வாங்குங்கள். ஆனால் ஒரு நல்ல டவர் ஏர் கூலரே (ஃபேன் வைத்த உயரமான கூலர்) உங்கள் வேலைக்குப் போதும், விலையும் லிக்விட் கூலரைவிட மிகக் குறைவு. உங்கள் பிராசஸர் உட்காரும் எல்ஜிஏ 1700 சாக்கெட்டுக்குப் பொருந்துமா, அதன் உயரத்துக்குக் கேபினெட் மூடுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் படிக்கிறேன். சென்னையில் வாங்கிய லேப்டாப், மூன்று மாதம்தான் ஆகிறது. புராஜெக்டுக்காக இரவு முழுக்க ஓடவிட்டால் 95 டிகிரிக்குப் போய், சில நாள் தானாக அணைகிறது. "லேப்டாப் என்றால் சூடாகத்தான் இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: சூடாவது சகஜம், தானாக அணைவது சகஜமில்லை. மெத்தையில் வைக்காமல் மேஜையில் வைத்து, அதே எச்டபிள்யூஇன்ஃபோவில் லாக் பட்டனை அழுத்திவிட்டு ஓட்டுங்கள். சில நொடிக்கு ஒரு வரி பதிவாகும். அணைந்தபின் கடைசி வரிகளைப் பாருங்கள். வெப்பம் வரம்பை ஒட்டி நின்றால் ஃபேன் அல்லது தெர்மல் பேஸ்ட்டில் குறை; சாதாரணமாக இருந்தால் பவர் பக்கம் கோளாறு இருக்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு அந்த ஃபைலோடு போங்கள். அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'தானாக அணைகிறது' என்று எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். 'ஹீட்டிங்' என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரிசெய்து தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. பிரச்சினை தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.