சீனா மனிதர்களை விண்வெளிக்கு அனுப்பும் ராக்கெட்டை எப்படி உருவாக்கியது? ரஷ்யாவைப் பார்த்துச் செய்ததுதானே?

விண்கலத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் “பாதி ஆமாம்” என்று சொல்லியிருப்பேன். சீனாவின் ஷென்ஜோ கலத்தையும் ரஷ்யாவின் சோயுஸ் கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி ஜாடை தெரியும். 1990களின் நடுவில் ரஷ்யாவிடமிருந்து சில தொழில்நுட்பங்களை சீனா காசு கொடுத்தே வாங்கியது. இரண்டு சீன வீரர்கள் மாஸ்கோ பக்கத்தில் உள்ள ஸ்டார் சிட்டியில் பயிற்சியும் எடுத்தார்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ராக்கெட்டைப் பற்றி. அது முழுக்க வேறு கதை. சோயுஸ் கலத்தைத் தூக்கும் அதே பெயருள்ள ராக்கெட் மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் எரிப்பது. ஷென்ஜோவைத் தூக்கும் லாங் மார்ச் 2எஃப் எரிப்பது ஒரு வகை ஹைட்ரசீனையும் நைட்ரஜன் டெட்ராக்சைடையும். அடுப்பே வேறு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ராக்கெட் ஆள் இல்லை. கோவையில் இருபது வருடமாக பம்ப்செட், பைப் லைன் வேலை. ராக்கெட் இன்ஜினும் கடைசியில் ஒரு பம்ப்தான் என்று ஒருநாள் புரிந்தபோது பிடித்த கிறுக்கு, இன்னும் விடவில்லை.

சரி, கதைக்கு வருவோம்.

இந்த ராக்கெட்டின் பாட்டன் அணுகுண்டு சுமக்கும் டி.எஃப்-5 ஏவுகணை. அதிலிருந்து செயற்கைக்கோள் ஏவும் லாங் மார்ச் 2சி வந்தது. 1988இல் ஆஸ்திரேலியாவுக்காக அமெரிக்காவின் ஹியூஸ் நிறுவனம் செய்த இரண்டு பெரிய செயற்கைக்கோள்களை ஏவித் தருகிறோம் என்று சீனர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். அவ்வளவு எடையைத் தூக்கும் ராக்கெட் அப்போது அவர்களிடம் காகிதத்தில் மட்டும்தான் இருந்தது! 1990 நடுவில் ஒருமுறை பறக்கவிட்டுக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. 2சி-யை நீட்டி, பக்கவாட்டில் நான்கு பூஸ்டர்களைக் கட்டி, சுமார் 18 மாதத்தில் லாங் மார்ச் 2ஈ என்று ஒன்றைத் தயார் செய்துவிட்டார்கள். 1990 ஜூலையில் அது பறந்தது.

அவசரத்தில் கட்டிய வீட்டில் ஒழுக்கு இருக்கும் இல்லையா? 1992 மார்ச் 22 அன்று ஷிசாங் ஏவுதளத்தில் 2ஈ-யின் இன்ஜின்கள் பற்றின, சில வினாடிகளில் தானாகவே அணைந்தன. ராக்கெட் மேடையிலேயே நின்றது. நாடே டிவியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பிரித்துப் பார்த்தால், மின்சுற்றில் மாட்டிய ஓர் அலுமினியத் துகள்தான் காரணம். எடை 0.15 மில்லிகிராம். லேத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், ஊதினால் பறந்துவிடும் பிசிறு அது.

அதே வருடம் டிசம்பரில் ஏவியபோது, உள்ளே இருந்த செயற்கைக்கோள் வழியிலேயே சிதறிவிட்டது. 1995 ஜனவரியில் இன்னொரு 2ஈ ஏவிய ஒரு நிமிடத்துக்குள் வெடித்து, சிதறல்கள் கீழே கிராமத்தில் விழுந்து ஆறு பேர் இறந்தார்கள். செயற்கைக்கோளைச் செய்த அமெரிக்கர்கள், அதை மூடியிருந்த ராக்கெட்டின் மூக்குக் கூட்டைக் குறை சொன்னார்கள், சீனர்கள் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு நீண்டது, இங்கே வேண்டாம்.

இந்த ராக்கெட்டில்தான் மனிதனை ஏற்றுவது என்று முடிவு செய்தார்கள். கேட்கவே பகீர் என்று இருக்கிறது. ஆனால் வேறு வழியும் இல்லை. 1992 செப்டம்பர் 21 அன்று மனித விண்வெளித் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தபோது, சுமார் எட்டு டன் கலத்தைச் சுற்றுப்பாதையில் வைக்கக்கூடிய ராக்கெட் அவர்களிடம் இது ஒன்றுதான். 2ஈ-யை உருவாக்க முன்நின்ற வாங் யோங்ஷியே மனித விண்வெளித் திட்டத்தின் தலைமை வடிவமைப்பாளராகவும் வந்தார்.

இவரைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. 1964இல் ஓர் ஏவுகணைக்கு எட்டுதூரம் போதவில்லை. எரிபொருளை எப்படிக் கூடுதலாக அடைப்பது என்று எல்லோரும் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது, இளைஞரான வாங் “எரிபொருளான ஆல்கஹாலில் 600 கிலோவைக் குறைத்தால் எட்டும்” என்றார். யாரும் காது கொடுக்கவில்லை. நேராக, சீன ராக்கெட் துறையின் தந்தை எனப்படும் சியான் சூசெனிடம் போனார். அவர் கேட்டுவிட்டு, இவர் சொன்னபடியே செய்யச் சொன்னார். எட்டியது.

அப்புறம் 2ஈ-யை 2எஃப் ஆக்கும் வேலை. லியூ ஜூஷெங் தலைமையில் ஏழு வருடம். இரண்டு எண்களை இலக்காக வைத்தார்கள்: நம்பகம் 0.97, பாதுகாப்பு 0.997. அதாவது நூறு முறை ஏவினால் மூன்று முறை ராக்கெட் சொதப்பலாம். ஆனால் ஆயிரம் முறை ஏவினாலும் ஆளைப் பறிகொடுப்பது மூன்று முறைக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைப்பதற்காக வந்ததுதான் தலையில் ஈட்டி மாதிரி நிற்கும் தப்பிக்கும் கோபுரம். ராக்கெட்டுக்குள் இருக்கும் உணரிகள் ஆபத்தைக் கண்டால், கோபுரத்தின் திட எரிபொருள் மோட்டார்கள் பற்றி, வீரர்கள் இருக்கும் பகுதியை மட்டும் பிய்த்துக்கொண்டு பறந்துவிடும். பிய்ந்த பிறகு தலைகுப்புறச் சுழலாமல் இருக்க, மடிந்து விரியும் கம்பிவலை மாதிரியான நான்கு துடுப்புகள். 1998இல் தரையில் வைத்தே இதை ஒருமுறை சோதித்துப் பார்த்தார்கள்.

(நம் ககன்யானும் இதே வழிதான். எல்.வி.எம்.3 செயற்கைக்கோளுக்காகச் செய்த ராக்கெட், அதை மனிதனுக்கு ஏற்றதாக மாற்றுகிறார்கள். அதில் உள்ள விகாஸ் இன்ஜினும் இதே வகை எரிபொருள்தான். அதை நம் மகேந்திரகிரியில் ஓட்டி ஓட்டிச் சோதித்தார்கள்.)

1999 நவம்பர் 20 அன்று கோபி பாலைவனத்து ஜியுச்சுவான் தளத்திலிருந்து ஆளில்லாத ஷென்ஜோ 1 போனது. அடுத்த மூன்றும் ஆளில்லாதவையே. நான்காவது 2002 டிசம்பர் 30 நள்ளிரவுக்குப் பிறகு. பாலைவனக் குளிர் மைனஸ் இருபதுகளில் இறங்கியதால் ராக்கெட்டுக்குப் பஞ்சுப் போர்வைகளைச் சுற்றி வைத்தார்கள். அத்தனை உயர்ந்த தொழில்நுட்பம், கடைசியில் ராத்திரிக் குளிருக்குப் போர்வை. படித்தபோது சிரித்துவிட்டேன்.

இனி எனக்குப் பிடித்த இடம்.

2003 அக்டோபர் 15, காலை ஒன்பது மணி. ஷென்ஜோ 5இல் யாங் லிவெய், சீனாவின் முதல் விண்வெளி வீரர், தனி ஆளாக. ஏவுதலை நேரலையாகக் காட்டவில்லை. இரண்டு நிமிடம் வரை சரியாகப் போகிறது. 30, 40 கிலோமீட்டர் உயரத்தில் திடீரென்று ராக்கெட் மேலும் கீழுமாக உதற ஆரம்பிக்கிறது. வினாடிக்கு எட்டு உதறல், அதாவது எட்டு ஹெர்ட்ஸ். அது மனித உடலின் உள்ளுறுப்புகளுக்கு ஒத்துவராத வேகம், வயிறு, குடல் எல்லாம் அதோடு சேர்ந்து ஆடும். ஏற்கெனவே உடம்பைப் பல மடங்கு எடை அழுத்திக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் இது. உயிர் போகப்போகிறது என்றே நினைத்ததாக அவர் பின்னால் எழுதினார். 26 வினாடி. 26 வரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

கீழே கட்டுப்பாட்டு அறையின் திரையில் அவர் முகம் அசையவில்லை, கண்ணும் இமைக்கவில்லை. யாரும் பேசவில்லை. மூன்று நிமிடம் இருபதாவது வினாடியில் மூக்குக் கூடு கழன்று, ஜன்னல் வழியாக வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. அவர் கண் சிமிட்டினார். “கண் சிமிட்டுகிறார், உயிரோடு இருக்கிறார்!” என்று யாரோ கத்த, அதன் பிறகுதான் அறைக்கு மூச்சு வந்தது.

பூமியை 14 முறை சுற்றி, 21 மணி நேரத்துக்குப் பிறகு உள்மங்கோலியப் புல்வெளியில் இறங்கினார். இறங்கிய அதிர்ச்சியில் மைக் குத்தி உதடு கிழிந்திருந்தது. வந்ததும் அந்த உதறலை விவரமாகச் சொன்னார். முன்னே போன கலங்களில் இரண்டில் மனிதனுக்குப் பதில் பொம்மையைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். பொம்மை வயிற்றுவலி என்று சொல்லாது இல்லையா?

இந்த உதறலைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மோட்டார் போட்டால் பைப் லைன் முழுக்க தட தடவென்று அடிக்கும். ஐந்தாவது மாடிச் சுவர் வரை அதிரும். மோட்டாரை மாற்றினோம், பேரிங் மாற்றினோம், பவுண்டேஷன் போல்ட்டை இறுக்கினோம். அடி நிற்கவில்லை. கடைசியில் எங்கள் பெரிய பிட்டர் வந்தார். மோட்டாரைத் தொடவே இல்லை. குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். “தம்பி, மோட்டார்ல ஒண்ணும் இல்லீங். தண்ணியும் பைப்பும் ஒரே தாளத்துல ஆடுது” என்றார். லைனில் ஒரு ‘T’ ஜாயின்ட் போட்டு, தலை மூடிய இரண்டடிக் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார். உள்ளே வெறும் காற்று. அடி நின்றுவிட்டது. பாலிடெக்னிக்கில் ஏர் வெசல் என்று படித்தது இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ராக்கெட்டிலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். ஐம்பத்தெட்டு மீட்டர் நீள உலோகக் கூடு, நீள்வாட்டில் ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரியும். தொட்டி காலியாகக் காலியாக அந்த ஸ்பிரிங்கின் தாளம் மாறிக்கொண்டே வரும். இன்ஜினுக்குப் போகும் குழாயில் உள்ள திரவத்துக்கும் ஒரு தாளம் உண்டு. ஏதோ ஒரு நொடியில் இரண்டும் ஒன்றாகிவிட்டால் தொலைந்தது. கூடு ஆடினால் குழாயில் அழுத்தம் ஆடும், அழுத்தம் ஆடினால் இன்ஜினின் உந்துவிசை ஆடும், உந்துவிசை ஆடினால் கூடு இன்னும் பலமாக ஆடும். ஒன்றை ஒன்று ஊதிவிடும். போகோ என்று பெயர், குழந்தைகள் ஏறிக் குதிக்கும் ஸ்பிரிங் குச்சியின் பெயர். இது சீனர்களுக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்காவின் டைட்டன் 2 ராக்கெட்டுக்கும் இருந்தது, நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 13 போகும்போது ராக்கெட்டின் இரண்டாம் நிலையின் நடு இன்ஜின் இதனால்தான் முன்கூட்டியே நின்றது.

மருந்தும் எங்கள் பிட்டர் கொடுத்த மருந்துதான். எரிபொருள் குழாயில் வாயு அடைத்த கலம் வைத்து, திரவத்தின் தாளத்தை விலக்கிவிடுவது. 2எஃப்-இல் அந்தக் கலம் ஏற்கெனவே இருந்தது, ஆனால் அதன் அளவு ஒத்துவரவில்லை. அதன் அமைப்பை மாற்றினார்கள். 2005இல் ஷென்ஜோ 6இல் போனவர்களுக்கு உதறல் வெகுவாகக் குறைந்தது, ஷென்ஜோ 7க்குப் பிறகு கிட்டத்தட்ட இல்லை.

அதனால் “பார்த்துச் செய்ததா” என்ற கேள்விக்கு என் பதில் இது. கலத்தின் உருவத்தைப் பார்த்துச் செய்யலாம். எட்டு ஹெர்ட்ஸ் உதறலுக்குப் பார்த்து எழுத விடை எங்கும் கிடைக்காது. அது அவரவர் குழாய், அவரவர் தொட்டி.

இப்போதைய நிலவரம். சீனாவின் சொந்த விண்வெளி நிலையத்துக்கு ஆட்கள் போக ஆரம்பித்ததிலிருந்து, ஒரு ராக்கெட் கிளம்பும்போது அடுத்ததும் ஜியுச்சுவானில் தயாராக நிற்கும். யாராவது மேலே மாட்டிக்கொண்டால் ஓடிப்போய்க் கூட்டிவர. வெறும் சம்பிரதாயம் என்றுதான் நானும் நினைத்தேன். 2025 நவம்பரில் ஷென்ஜோ 20 கலத்தின் ஜன்னலில் விரிசல், விண்வெளிக் குப்பை பட்டிருக்கலாம் என்றார்கள். அதில் போன மூவரும் ஷென்ஜோ 21இல் ஏறித் திரும்பிவிட்டார்கள். அதனால் புதிதாகப் போன மூவருக்குத் திரும்பிவரக் கலம் இல்லை. நவம்பர் 25 அன்று காத்திருந்த 2எஃப் ஆளில்லாத ஷென்ஜோ 22ஐ மேலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

2எஃப்-க்கும் வயதாகிவிட்டது. நச்சு எரிபொருள், சுமார் எட்டரை டன்னுக்கு மேல் தூக்காது. நிலவுக்குப் போக லாங் மார்ச் 10 தயாராகிறது. 2030க்குள் நிலவில் சீனர்களை இறக்க வேண்டும் என்பது திட்டம். ஐந்து மீட்டர் விட்டத்தில் மூன்று உடல்கள், ஒவ்வொன்றிலும் ஏழு இன்ஜின்கள். இந்த முறை மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். 2025 ஆகஸ்டில் வென்சாங் ஏவுதளத்தில் ஏழையும் ஒரே நேரத்தில் பற்றவைத்து, ராக்கெட்டைத் தரையோடு கட்டிப்போட்டுச் சோதித்தார்கள். அந்த வீடியோவை நாலைந்து முறை பார்த்துவிட்டேன். எல்லோரும் நெருப்பைப் பார்க்கிறார்கள், நான் கூடு அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.