போலந்துப் படைத் தளபதி ஒருவர் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பாரில் வேலை பார்த்தாராமே, உண்மையா?

உண்மைதான். ஸ்தனிஸ்வாஃப் மாச்செக் என்பது அவர் பெயர். 1944-இல் போலந்தின் முதல் கவசப் படைப்பிரிவை (டாங்கிப் படை) பிரான்சின் நார்மண்டியில் நடத்திச் சென்றவர். அதே ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்தின் பிரெடா நகரத்தை, ஜெர்மானியரிடமிருந்து, கட்டடங்களைக் குண்டு போட்டு நொறுக்காமல், சுற்றி வளைத்துப் பிடித்தார். போர் முடிந்தது, ஆனால் ஊர் திரும்ப வழியில்லை. 1946-இல் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசு அவருடைய குடியுரிமையையே பறித்துவிட்டது. சரி, அவர் கூடச் சேர்ந்து போரிட்ட பிரிட்டனாவது ஜெனரலுக்குரிய ஓய்வூதியம் கொடுத்ததா என்றால் அதுவும் இல்லை (எனக்கு இதுதான் ஆறவே இல்லை). அப்புறம் என்ன, ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு ஹோட்டலில் மது ஊற்றிக் கொடுக்கும் வேலை. பிரெடா மக்கள் மட்டும் அவரை மறக்காமல் கௌரவக் குடிமகன் ஆக்கினார்கள். 1994-இல், 102 வயதில் எடின்பரோவிலேயே இறந்தார். அடக்கம் செய்தது பிரெடாவில், தன் வீரர்களுக்குப் பக்கத்தில்.