ஸ்டீம்பங்க் நாவல் எழுத எந்தப் பழைய இயந்திரங்களைப் படிக்க வேண்டும்?

நீராவி யுகத்து இயந்திரங்களை வைத்துக் கற்பனை உலகம் படைக்கும் ஸ்டீம்பங்க் கதையில் பித்தளை, பல்சக்கரம், ஆகாயக் கப்பல் எல்லாம் வைத்து எழுதியும் கதையுலகம் நம்பும்படி இல்லை, வரலாற்றில் எதைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஜெயித்த இயந்திரங்களைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உண்மையாகவே கட்டி, ஓட்டிப் பார்த்து, கைவிட்டவற்றைப் படியுங்கள். ஓர் இயந்திரம் எதனால் நின்றுபோனது என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டால், அந்த ஒரு காரணத்தை மட்டும் கதையில் மாற்றினால் போதும். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைக்கும்.

என் முதல் சிபாரிசு, இங்கிலாந்தின் தெற்கு டெவனில் பொறியாளர் இசம்பார்ட் புருனெல் அமைத்த காற்றழுத்த ரயில். எஞ்சினே இல்லாத ரயில் அது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 15 அங்குல விட்டமுள்ள இரும்புக் குழாய். முதல் பெட்டியின் அடியில் தொங்கும் பிஸ்டன் அதற்குள் ஓடும். சுமார் மூன்று மைலுக்கு ஒன்றாக இருந்த பம்ப் நிலையங்கள் குழாயில் முன்பக்கக் காற்றை உறிஞ்சிவிடும். பின்னால் இருக்கும் காற்று வண்டியைத் தள்ளும். பாதிக் காற்றை உறிஞ்சினால் பிஸ்டன் மேல் விழும் தள்ளுவிசை ஏறக்குறைய 590 கிலோ எடைக்குச் சமம். வண்டியில் புகையில்லை, கரியில்லை, மணிக்கு 60 மைலைத் தாண்டிய வேகம்.

பிஸ்டனையும் பெட்டியையும் இணைக்கும் கை நகர வேண்டுமே, அதற்காகக் குழாயின் மேல் நெடுக ஒரு பிளவு. அந்தப் பிளவை மூடியது ஒரு தோல் பட்டை. எல்லாத் தொல்லையும் இந்தத் தோலில்தான். பனியில் விறைத்தது, வெயிலில் காய்ந்தது, பூசிய கொழுப்பு இளகி இறங்கியது. தோலில் இருந்த டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புத் துருவோடு சேர்ந்து தோலை அரித்தது. காற்று கசியக் கசிய பம்புகள் கூடுதலாக உழைத்தன. நிலையங்களுக்கிடையே தந்தி வசதி தாமதமானதால், வண்டி எங்கே வருகிறது என்று தெரியாமலே கால அட்டவணையைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிலக்கரியை வீணாக்கினார்கள். 1847 செப்டம்பரில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது, 1848 செப்டம்பரில் நின்றது. ஸ்டார்கிராஸ் என்ற ஊரில் பம்ப் நிலையக் கட்டடம் இன்றும் இருக்கிறது.

இப்போது தோலுக்குப் பதில் வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய, ரப்பர் என்று வையுங்கள். அதற்கான காப்புரிமைகள் 1844லேயே வந்துவிட்டன, ஆகவே இது கண்கட்டு வித்தை ஆகாது. ஆனால் நாடு முழுக்க இந்த ரயில் ஓட வேண்டுமென்றால் எவ்வளவு ரப்பர் வேண்டும்! பிரேசிலிலிருந்து ரப்பர் விதை லண்டன் கியூ தோட்டத்துக்கு வந்தது 1876இல்தான். உங்கள் கதையில் அது முப்பது வருடம் முன்னால் நடந்தாக வேண்டும். மலாயாவின் ரப்பர் தோட்டங்களும், அங்கே பால்மரம் வெட்டப் போன தமிழர்களும் கதைக்குள் தாமாக வந்துவிடுவார்கள். ஒரு பட்டையை மாற்றியதற்கு இத்தனை விளைவு. எனக்கு இந்த வகைக் கதைகள் மேல் தீராத ஆசை இருப்பதே இதனால்தான்.

ஆகாயக் கப்பலுக்கு முதலில் கணக்குப் போடுங்கள். அந்தக் கால நீராவி எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 2 கிலோ நிலக்கரி. ஒரு கிலோ கரி ஏழெட்டு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கும். 50 குதிரைத்திறனில் பத்து மணி நேரம் பறக்க ஒரு டன் கரி, ஏழு டன்னுக்கு மேல் தண்ணீர். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது சுமார் 1.1 கிலோ. அதாவது கரியையும் தண்ணீரையும் தூக்கவே 7,300 கன மீட்டர் வேண்டும், எஞ்சினும் ஆட்களும் தனி. நீராவியைக் குளிர்வித்துத் திரும்பப் பயன்படுத்தலாம், ஆனால் குளிர்விக்கும் கண்டென்சருக்கும் எடை உண்டு. 1852 செப்டம்பர் 24 அன்று நீராவி ஆகாயக் கப்பலில் பாரிஸிலிருந்து 27 கிலோமீட்டர் பறந்த பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி ஜிஃபார் வைத்திருந்தது 3 குதிரைத்திறன் மட்டுமே. எதிர்க்காற்றில் திரும்பி வர முடியவில்லை. தீப்பொறி ஹைட்ரஜனை எட்டாதபடி புகைபோக்கியைக் கீழ்நோக்கித் திருப்பியிருந்தார். அந்தத் தலைகீழ்ப் புகைபோக்கியை எழுதுங்கள், பத்துப் பக்க வர்ணனை மிச்சம்.

கொதிகலனைப் பற்றி இரண்டே விஷயம். பெரிய கொதிகலன் குளிர்ந்து கிடந்தால் நீராவி ஏறப் பல மணி நேரம் ஆகும்; கதாநாயகன் தாவி ஏறித் தப்பிக்க முடியாது. வெடிப்பதென்றால் நீர்மட்டம் குறைந்து, அடுப்பின் மேல்தகடு வெளியே தெரிந்து, பழுத்து இளகி வெடிக்கட்டும்.

ஆங்கிலேயக் கணிதவியலாளர் சார்லஸ் பாபேஜின் கணக்கிடும் இயந்திரம் நின்றதற்கு அந்தக் காலத் தொழில்நுட்பத்தைப் பழி சொல்வார்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் அவருடைய இரண்டாவது வடிவமைப்பை, அக்காலத்தில் சாத்தியமான நுட்ப அளவுகளிலேயே 1991இல் கட்டி ஓட்டிக் காட்டியது. கைப்பிடியால் சுற்றுவது, நீராவி கிடையாது. பணமும், பட்டறைக்காரர் ஜோசப் கிளெமென்டுடன் வந்த தகராறும், பாபேஜின் மனம் புதிய வடிவமைப்புக்குத் தாவியதும்தான் முதல் இயந்திரத்தை முடக்கின. அந்தப் புதிய இயந்திரத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, துணியில் வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியின் துளை அட்டை. அதே அட்டைகள் காஞ்சிபுரத்தில் பட்டுத் தறிகளின் மேல் இன்னும் தொங்குகின்றன. துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி தூக்கப்படும், பாவு நூல் எழும்பும். துளை இல்லாவிட்டால் நூல் கிடந்த இடத்திலேயே கிடக்கும். அந்த அத்தியாயத்தை எழுதுமுன் ஒரு தறிக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று, அட்டை மாறும் சத்தத்தைக் கேளுங்கள்.