வெண்டை முளைத்துவிட்டது, பாகலும் மிளகாயும் ஏன் இன்னும் வரவில்லை?

ஆடிப்பட்டத்தில் ஒரே நாளில் விதைத்தும், ஒரு வாரத்தில் வெண்டை மட்டும் வந்திருக்கிறது, மற்றவை செத்துவிட்டனவா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கிளறிப் பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவை உயிரோடுதான் இருக்கும்.

ஈரமும் சூடும் சரியாக இருந்தால் கீரை 3, 4 நாளில் தலைகாட்டும். வெண்டைக்கு 4 முதல் 7 நாள். மிளகாய் இயல்பிலேயே மெதுவானது, இரண்டு வாரம்கூட எடுக்கும். பாகல் தாமதிக்கக் காரணம் அதன் தடித்த ஓடு. தண்ணீர் உள்ளே போகவே நாளாகும். அடுத்த முறை விதையை இரவு முழுக்க ஊறவைத்து ஊன்றுங்கள்.

வெண்டை வருவதைக் காலையில் குனிந்து பாருங்கள். முதலில் மண் லேசாக வெடிக்கும். அப்புறம் வளைந்த வெளிர்த் தண்டு கொக்கி போல எழும். தலையை உள்ளேயே வைத்துக்கொண்டு, முதுகால் மண்ணைத் தள்ளும். பிறகுதான் இரண்டு விதையிலைகளும் வெளியே வந்து விரியும். எனக்கு ஒவ்வொரு பட்டத்திலும் இதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

மிளகாய்க்குத் தினமும் பூவாளியால் தெளித்தால் போதும். தண்ணீர் தேங்கினால் நாற்றழுகல் வந்து தண்டு அடியில் சாயும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாகல் பூக்கும்போது முதலில் ஆண் பூக்கள்தான் வந்து உதிரும், பயப்பட வேண்டாம். பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு தெரிந்தால் அது பெண் பூ.