ஒரு டன் ஃபீனாலுக்கு என்ன ஆகும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பிளாஸ்டிக்குக்கும் பிசினுக்கும் மூலப்பொருளான ஃபீனாலைத் தயாரிக்க நாலைந்து வழிகள் உண்டு என்று பாடத்தில் படித்தோம். ஆலைகளில் மட்டும் ஏன் பெரும்பாலும் குமீன் வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

பதில்: மற்ற வழிகளில் ஃபீனாலைவிட வேண்டாத சரக்குதான் அதிகம் சேரும். பழைய சல்ஃபோனேற்ற முறையைப் பாருங்கள். பென்சீனைக் கந்தக அமிலத்தோடு வினைபுரிய வைத்து, சோடியம் உப்பாக மாற்றி, அதைக் காஸ்டிக் சோடாவோடு 300 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்குவார்கள். சமன்பாட்டின்படியே ஒரு டன் ஃபீனாலுக்கு 1.34 டன் சோடியம் சல்ஃபைட் வரும். அதை வாங்க ஆள் இல்லாவிட்டால் கொட்ட இடம் தேட வேண்டும்.

குளோரோபென்சீனைக் காஸ்டிக்கோடு 350 டிகிரிக்கு மேல், 300 பார் அளவு அழுத்தத்தில் வினைபுரிய வைப்பது இன்னொரு முறை. காசு கொடுத்து வாங்கிய குளோரினும் காஸ்டிக்கும் கடைசியில் உப்புத் தண்ணீராகத்தான் போகும். குளோரோபென்சீனை நீராவியோடு வினைபுரிய வைக்கும் ராஷிக் முறையில் ஹைட்ரஜன் குளோரைடைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் 450 டிகிரியில் நீராவியும் ஹைட்ரஜன் குளோரைடும் சேர்ந்து ஓடினால் குழாய் எத்தனை நாள் தாங்கும்? அந்த முறையை ஓரங்கட்டியதில் அரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

டொலுயீனைப் பென்சாயிக் அமிலமாக்கி, அதிலிருந்து தாமிர உப்பின் துணையோடு ஃபீனால் எடுக்கும் வழியும் நடைமுறைக்கு வந்த ஒன்று. அதில் அசிட்டோன் வராது. ஆனால் டொலுயீனின் ஒரு கார்பன் கரியமில வாயுவாகப் போய்விடும், தாரும் சேரும்.

குமீன் வழியை ஜெர்மன் வேதியியலாளர்கள் ஹாக், லாங் இருவரும் 1944-இல் வெளியிட்டார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெரிய ஆலைகள் ஓடத் தொடங்கின. பென்சீனையும் புரொப்பிலீனையும் சேர்த்துக் குமீனாக்கி, அதைக் காற்றால் ஆக்சிஜனேற்றி, பிறகு அமிலத்தால் பிளப்பதுதான் அந்த வழி. உள்ளே போவது பென்சீன், புரொப்பிலீன், காற்று. வெளியே வருவது ஃபீனால், அசிட்டோன். இரண்டுமே விற்கக்கூடிய சரக்கு.

கேள்வி: ஒரு டன் ஃபீனாலுக்கு மூலப்பொருள் எவ்வளவு பிடிக்கும்? அடக்க விலையை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: ஒரு டன் ஃபீனாலுக்குச் சமன்பாட்டின்படி 1.277 டன் குமீன் வேண்டும். நன்றாக ஓடும் ஆலையில் 1.31 டன் அளவில் நிற்கும். பழைய ஆலைகளில் 1.35-ஐயும் தாண்டும். குமீனைப் பென்சீன், புரொப்பிலீன் என்று பிரித்துப் பார்த்தால், ஏறத்தாழ 0.88 டன் பென்சீன், 0.47 டன் புரொப்பிலீன். கூடவே 0.61 டன் அசிட்டோன் கிடைக்கும்.

அசிட்டோன் விற்ற பணத்தைக் கழித்த பிறகுதான் ஃபீனாலின் மூலப்பொருள் செலவு தெரியும். கணக்குக்காகப் பென்சீன் டன் 100 அலகு, புரொப்பிலீன் டன் 100 அலகு, அசிட்டோன் டன் 70 அலகு என்று வைத்துக்கொள்வோம். 88 + 47 = 135. அதில் 42.7-ஐக் கழித்தால் 92.3. இப்போது அசிட்டோன் மட்டும் 40-க்கு விழட்டும். கழிக்கும் தொகை 24.4 ஆகி, ஃபீனாலின் மூலப்பொருள் செலவு 110.6-க்கு ஏறிவிடும். ஆலைக்குள் ஒரு வால்வைக்கூடத் தொடவில்லை, ஆனாலும் செலவு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது.

அசிட்டோன் விலை ஏன் இப்படி ஆட்டம் காட்டுகிறது என்று கேட்பீர்கள். ஃபீனாலின் பெரிய வாடிக்கை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கும் எபாக்சிப் பிசினுக்கும் மூலப்பொருளான பிஸ்ஃபீனால்-ஏ. அதற்கு இரண்டு ஃபீனால் மூலக்கூறுக்கு ஓர் அசிட்டோன் மூலக்கூறு போதும். குமீன் வழியிலோ இரண்டும் ஒன்றுக்கு ஒன்றாக வருகின்றன. எனவே ஒரு டன் பிஸ்ஃபீனாலுக்கான 0.82 டன் ஃபீனாலைச் செய்யும்போது அரை டன் அசிட்டோன் வரும். பிஸ்ஃபீனாலுக்குப் போவது 0.25 டன்தான், மீதிப் பாதிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும். அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கும் கரைப்பானுக்கும் தேவை குறைந்தால் அசிட்டோன் தேங்கும். ஃபீனால் ஆலை போடப் போகிறவர் முதலில் அசிட்டோனுக்கு ஒப்பந்தம் பேசிவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

மூலப்பொருளுக்கு அடுத்த பெரிய செலவு நீராவி. ஆக்சிஜனேற்றத்துக்குப் பின் மிஞ்சிய குமீனை ஆவியாக்கி இடைப்பொருளைச் செறிவூட்டுவதற்கும் அடுத்தடுத்த வடிகோபுரங்களுக்கும்தான் அதில் பெரும்பகுதி போகிறது. வினைகளில் வெளிப்படும் வெப்பத்தை எந்த அளவுக்குப் பிடித்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் ஆலைக்கு ஆலை வேறுபாடு தெரியும்.

கேள்வி: குமீனைக் காற்றால் ஆக்சிஜனேற்றம் செய்யும் கட்டத்தில் எங்கள் ஆலையில் விளைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: லாபமும் நட்டமும் தீர்மானமாகும் இடம் இதுதான். குமீனுக்குள் காற்றை ஊதிக் குமீன் ஹைட்ரோபெராக்சைடு ஆக்குகிறோம். ஆலைக்காரர்கள் சொல்கிறபடி நாமும் சி.எச்.பி. என்றே சொல்வோம். வெப்பநிலை 90 முதல் 110 டிகிரி, வரிசையாக மூன்று நான்கு ரியாக்டர்கள், கடைசியில் 25% அளவுக்குச் சி.எச்.பி. அதற்கு மேல் போக ஆசைப்படக் கூடாது. சி.எச்.பி. ஏற ஏற அதுவே சிதைந்து டைமெத்தில் பென்சைல் ஆல்கஹாலும் அசிட்டோஃபீனோனும் ஆகும். அதனால்தான் முதல் ரியாக்டரைச் சற்றுச் சூடாகவும், பின்னால் வருபவற்றைப் படிப்படியாகக் குளிர்ச்சியாகவும் ஓட்டுகிறார்கள். உங்கள் ஆலையில் எல்லா ரியாக்டரும் ஒரே வெப்பநிலையில் ஓடினால் முதலில் அதை மாற்றுங்கள்.

இந்த இரண்டு பக்கவிளைபொருளையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். ஆல்கஹால் அடுத்த கட்டத்தில் ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீனாகும். அதை ஹைட்ரஜனேற்றிக் குமீனாகவே திருப்பிக்கொள்ளலாம். அசிட்டோஃபீனோன் போனது போனதுதான். எனவே ஆய்வகத்தில் மொத்த விளைச்சலை மட்டும் பார்க்காமல், அசிட்டோஃபீனோன் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தனியே குறித்து வாருங்கள். குமீன் செலவு 1% கூடினால் ஆண்டுக்கு 2,00,000 டன் ஆலையில் சுமார் 2,600 டன் குமீன் கைநழுவிப் போகும்.

அடுத்தது ஃபீனால். நாம் தயாரிக்கிற சரக்கே இந்த ரியாக்டருக்கு எதிரி! ஃபீனால் இந்தத் தொடர்வினையைப் பிடித்து நிறுத்தும் குணமுள்ளது. அது இரண்டு வழியாக நுழையும். ஒன்று, பின்கட்டத்திலிருந்து திரும்பி வரும் குமீன் வழியாக. அதைக் காஸ்டிக் கரைசலால் கழுவி, பிறகு தண்ணீரால் கழுவிய பின்பே உள்ளே விட வேண்டும். இரண்டாவது, ரியாக்டருக்குள்ளேயே. ஆக்சிஜனேற்றத்தில் கொஞ்சம் ஃபார்மிக் அமிலம் உண்டாகும். அமிலம் பட்டால் சி.எச்.பி. உடைந்து ஃபீனால் ஆகும், அந்த ஃபீனால் வினையைத் தளர்த்தும். இதற்காகத்தான் சோடியம் கார்பனேட் கரைசலால் கழுவுகிறார்கள். திரும்பி வரும் குமீனில் ஆல்ஃபா மெத்தில் ஸ்டைரீன் மிஞ்சியிருந்தாலும் வேகம் குறையும். ஹைட்ரஜனேற்றும் வினையூக்கி சோர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

புதிய குமீனை மட்டும் நிரப்பித் தொடங்கினால் வினை நெடுநேரம் அசையாமல் கிடக்கும். தயிருக்கு உறை ஊற்றுவதுபோல முன்னால் செய்த சி.எச்.பி. கொஞ்சம் கலந்து தொடங்குவதே வழக்கம்.

கேள்வி: இந்த ஆலைகளில் வெடிவிபத்து அபாயம் எங்கே அதிகம்?

பதில்: சி.எச்.பி. இருக்கிற இடமெல்லாம் அபாயம்தான். மூன்று இடங்களைக் குறிப்பாகச் சொல்லலாம்.

ஆக்சிஜனேற்ற ரியாக்டரின் மேல்வெளியில் குமீன் ஆவி இருக்கும். வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் 4 முதல் 6% வரை இருக்கும்படி ஓட்டுவார்கள். 8%-ஐ நெருங்கவிடக் கூடாது. காற்று இங்கே இன்னொரு வேலையும் செய்கிறது, அதுதான் கலக்கும் மத்து. ரியாக்டரில் தனியாகக் கலக்கி கிடையாது. காற்று நின்றால் குளிர்சுருளைத் தொடாத திரவம் சூடேறிக்கொண்டே போகும். 2012 ஏப்ரல் 22 அன்று ஜப்பானின் இவாகுனி-ஓதாகே பகுதியில் இதே போன்ற பெராக்சைடு வழியில் ஓடிய ரிசார்சினால் ஆலையொன்றின் ஆக்சிஜனேற்ற ரியாக்டர் வெடித்தது இப்படித்தான். அவசரமாக ஆலையை நிறுத்திய பிறகு தானியங்கிப் பாதுகாப்புப் பூட்டை (இன்டர்லாக்) விடுவித்தபோது கலக்கும் வாயு நின்றது. குளிர்சுருள் இல்லாத மேற்பகுதியில் பெராக்சைடு சிதைந்து சூடேறியது. ஓர் ஊழியர் உயிரிழந்தார். காற்றை நிறுத்தினால் நைட்ரஜன் உடனே ஊத வேண்டும், அந்த ஏற்பாடு யார் கையாலும் துண்டிக்க முடியாதபடி இருக்க வேண்டும்.

இரண்டாவது, செறிவூட்டும் கட்டம். வெற்றிடத்தில் குமீனை வடித்து, சி.எச்.பி.யை 80% அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். இங்கே திரவம் சூட்டில் தங்கும் நேரம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். வெற்றிடம் போனால் வெப்பநிலை ஏறும். துரு, தாமிரம், அமிலம் எது பட்டாலும் சிதைவு வேகமெடுக்கும். பித்தளை வால்வு ஒன்றுகூட அந்தப் பாதையில் இருக்கக் கூடாது.

மூன்றாவது, பிளக்கும் கட்டம். மிகச் சிறிதளவு கந்தக அமிலம் பட்டதும் சி.எச்.பி. ஃபீனாலாகவும் அசிட்டோனாகவும் உடையும். ஒரு கிலோ சி.எச்.பி. உடையும்போது சுமார் 1,650 கிலோஜூல் வெப்பம் வரும். அது மூன்று கிலோவுக்கு மேல் அசிட்டோனைக் கொதிக்க வைக்கப் போதும். பல ஆலைகளில் அதையே செய்கிறார்கள்: அசிட்டோன் கொதித்து மேலே போய்க் குளிர்ந்து திரும்பும், வெப்பநிலை 60 முதல் 80 டிகிரிக்குள் நிற்கும்.

இங்கே நடக்கும் மோசமான தவறு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முன்கட்டத்தில் கழுவப் பயன்படுத்திய சோடியம் கார்பனேட் சரியாகப் பிரியாமல் சி.எச்.பி.யோடு வந்துவிட்டால் அமிலத்தை அது நடுநிலையாக்கிவிடும். வினை நின்றுவிடும், ஆனால் சி.எச்.பி. உள்ளே வந்துகொண்டே இருக்கும். வெப்பநிலை இறங்குகிறதே என்று அமிலத்தைக் கூட்டினால், அதுவரை சேர்ந்த சி.எச்.பி. மொத்தமும் ஒரே நேரத்தில் உடையும். வெப்பநிலை காரணமில்லாமல் இறங்கினால் முதலில் நிறுத்த வேண்டியது சி.எச்.பி. வரத்து. பிளப்புக் கலத்திலிருந்து சிறு ஓடை ஒன்றைப் பிரித்து, அதில் அமிலம் சேர்த்து, எத்தனை டிகிரி சூடேறுகிறது என்று தொடர்ந்து அளப்பார்கள். அந்த ஏற்றம்தான் உள்ளே மிஞ்சியிருக்கும் சி.எச்.பி.யின் அளவு. அந்தக் கருவி பழுதானால் ஆலையை ஓட்டாதீர்கள்.

கேள்வி: ஆண்டுக்கு 500 டன் அளவில் சிறிய ஃபீனால் ஆலை போட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: கட்டுப்படியாகாது. வேதித்துறையில் ஆலை முதலீடு கொள்ளளவின் 0.6 அடுக்கில் ஏறும் என்பது பழகிய தோராயம். கொள்ளளவு இரட்டித்தால் முதலீடு ஒன்றரை மடங்குதான். அதையே திருப்பிப் போடுங்கள். 2,00,000 டன்னிலிருந்து 500 டன்னுக்கு இறங்கினால் கொள்ளளவு 400-இல் ஒரு பங்கு, முதலீடோ 36-இல் ஒரு பங்குதான். அதாவது டன்னுக்கு விழும் முதலீடு 11 மடங்கு. உண்மை நிலவரம் இதைவிட மோசமாகவே இருக்கும். பாதுகாப்புக் கருவிகளும் இரவு பகல் பணியாளர்களும் ஆலை சிறியது என்பதால் குறைய மாட்டார்கள். அந்தப் பணத்தில் ஃபீனாலை வாங்கி, ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துப் பிசின் செய்யும் தொழிலைப் பாருங்கள். அது சிறு அளவிலும் நடக்கும்.

கேள்வி: வாங்கி வைத்த ஃபீனால் இளஞ்சிவப்பாக மாறுகிறது. குழாயிலும் உறைந்து அடைக்கிறது.

பதில்: காற்றும் வெளிச்சமும் இரும்பு, தாமிரத் துகளும் சேர்ந்து நிறத்தை மாற்றுகின்றன. துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியில், நைட்ரஜன் போர்வைக்குக் கீழே, 50 முதல் 60 டிகிரியில் வையுங்கள். அதற்கு மேல் சூடு வேண்டாம்.

ஃபீனால் 40.5 டிகிரியிலேயே உறைந்துவிடும். குழாய் முழுக்கச் சூட்டுச் சுருள் ஓட வேண்டும், வால்வையும் பம்பையும் விடக் கூடாது. அடைத்துவிட்டால் நடுவில் சூடு காட்டாதீர்கள். இரு பக்கமும் கட்டியாக இருக்க, நடுவில் உருகிய ஃபீனால் விரிந்து குழாயைப் பிளக்கும். திறந்த முனையிலிருந்து தொடங்கி உள்நோக்கிப் போங்கள். தண்ணீர் கலந்தாலும் தொல்லையில்லை என்றால் 10% தண்ணீர் சேர்த்த ஃபீனாலை வாங்கலாம். சாதாரண அறை வெப்பத்திலேயே அது திரவமாக இருக்கும்.

கேள்வி: தோலில் பட்டால் என்ன முதலுதவி?

பதில்: ஃபீனால் தோலை மரத்துப்போகச் செய்யும், அதனால் பட்டவருக்கு வலி தெரியாமல் போகலாம். வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். தோல் வழியாகவே உடலுக்குள் ஏறி உயிரைப் பறிக்கக்கூடியது அது. நனைந்த உடையை உடனே கழற்றிவிட்டு, பாலிஎத்திலீன் கிளைக்கால் 300 அல்லது 400-இல் (இவை அதன் வகை எண்கள்) நனைத்த பஞ்சால் மறுபடி மறுபடி துடையுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு எடுக்க வேண்டும். அது கையில் இல்லையென்றால் குளியல் குழாயடியில் தண்ணீர் கொட்டக் கொட்டக் கழுவுங்கள். கொஞ்சம் தண்ணீரால் துடைப்பதுதான் ஆபத்து, ஃபீனால் நீர்த்துப் பரவி இன்னும் அதிக இடத்தில் உள்ளே இறங்கும். துடைப்பவர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கண்ணில் பட்டால் தண்ணீர் மட்டும், 15 நிமிடத்துக்குக் குறையாமல். எவ்வளவு சிறிய இடமாக இருந்தாலும், பட்டது ஃபீனால் என்று எழுதிக் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஃபீனாலை இறக்கும் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் புட்டி கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்தால் பயன்படாது.